பழைய சரக்கு வண்டியும் ரேடியேட்டர் ஹோஸும்



மளிகைக் கடை, காய்கறி மண்டி, பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் நம்மில் பலரிடம் சொந்தமாக ஒரு சரக்கு வண்டி இருக்கிறது. டாடா 407, டாடா 207, மகிந்திரா பிக்கப், 2005-ஆம் ஆண்டில் வந்து ‘குட்டி யானை’ என்றே பெயர் பெற்றுவிட்ட டாடா ஏஸ் என்று இவை பல வகை. இவற்றில் பெரும்பாலானவை கடன் அடைந்து, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்துவிட்ட பழைய வண்டிகள். டயர் தேய்ந்தால் மாற்றுகிறோம். பேட்டரி இறங்கினால் மாற்றுகிறோம். எஃப்.சி. வரும்போது பிரேக்கையும் விளக்கையும் சரிபார்க்கிறோம். ஆனால், இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே தண்ணீரைக் கொண்டுசெல்லும் இரண்டு ரப்பர் குழாய்களை மட்டும் அவை வெடிக்கும் நாள் வரை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

ஒட்டன்சத்திரத்தில் விடியற்காலையில் தக்காளி ஏற்றிய வண்டி, நடுவழியில் ஹோஸ் வெடித்து நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் பார்ப்போம். மெக்கானிக் வந்து, பொருள் வாங்கிவந்து, மாட்டி முடிக்க அரை நாள் போய்விடும். வெயிலில் நின்ற சரக்கு கனிந்துவிடும். காலைச் சந்தை விலை கைநழுவிவிடும். இவை அன்றைய நட்டம். வண்டி நின்ற இடத்தில் ஓட்டுநர் இன்ஜினை அணைக்காமல் ‘இன்னும் ஐந்து கிலோமீட்டர்தானே’ என்று ஓட்டியிருந்தால், சிலிண்டர் ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கெட் எரிந்து, வண்டி பல நாட்கள் ஒர்க்‌ஷாப்பில் படுத்துவிடும். அந்தச் செலவு பல மடங்கு பெரியது.

இதில் இன்னொன்றையும் வணிகர்கள் அறிந்திருக்க வேண்டும். நாம் வழக்கமாக எடுக்கும் மோட்டார் காப்பீட்டுப் பாலிசி விபத்து, தீ, திருட்டு போன்றவற்றுக்கே உரியது. தேய்மானத்தாலும் இயந்திரக் கோளாறாலும் வரும் நட்டத்தை அது ஏற்பதில்லை. ஹோஸ் வெடித்து இன்ஜின் வெந்துபோனால் அது முழுக்க முழுக்க நம் கைப்பணம்தான்.

தண்ணீர் போகும் பாதை

வண்டியை ஓட்டாதவர்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. மெக்கானிக் சொல்வது சரியா என்று புரிந்துகொள்ள இது உதவும்.

வாட்டர் பம்ப் தண்ணீரை இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அது சிலிண்டர்களைச் சுற்றி வந்து, ஹெட்டுக்கு ஏறி, சூட்டை வாங்கிக்கொள்கிறது. வெளியேறும் வழியில் தெர்மோஸ்டாட் என்னும் கதவு இருக்கிறது. தண்ணீர் ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அது திறக்கும். சூடான தண்ணீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே காற்றுபட்டு ஆறி, கீழ் ஹோஸ் வழியாக மறுபடியும் பம்புக்கு வருகிறது. இவை தவிர, சிறிய பைபாஸ் ஹோஸ் ஒன்றும், ஹீட்டர் உள்ள வண்டிகளில் ஹீட்டர் ஹோஸ் இரண்டும் இருக்கும்.

ரேடியேட்டர் மூடி சும்மா மூடுவதற்காக மட்டும் வைத்ததல்ல. அதிலுள்ள ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. பிரஷர் குக்கரின் வேலையும் இதுவும் ஒன்றே. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடினால் 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். கொடைக்கானல் போல 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடத்தில் திறந்த தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். மலைக்குச் சரக்கு ஏற்றிப் போகும் வண்டிக்கு நல்ல மூடி ஏன் அவசியம் என்பது இதிலிருந்தே விளங்கும். பாரம் ஏற்றி, முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் மெதுவாக ஏறும்போது சூடு மிக அதிகம், எதிர்க்காற்றோ குறைவு. அந்த நேரத்தில்தான் பலவீனமான ஹோஸ் தன் கதையை முடித்துக்கொள்கிறது.

வெளியே பளபளப்பு, உள்ளே விரிசல்

ஹோஸை மேலாகத் தடவிப் பார்த்து ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று சொல்லிவிடுவது தவறு. இந்த ரப்பர் பெரும்பாலும் உள்ளிருந்தே கெடுகிறது. குளிர்விக்கும் திரவம், இன்ஜினின் உலோகம், ரப்பரில் கலந்துள்ள கரி ஆகியவை சேர்ந்து ஒரு சிறு பேட்டரி போல நடந்துகொள்கின்றன. அந்த மின்வேதியியல் அரிப்பால் குழாயின் உட்புறத்தில் நீளவாக்கில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றி, உள்ளே இருக்கும் நூல் வலையை அடைகின்றன. இது குழாயின் இரு முனைகளில், கிளிப்பை ஒட்டிய பகுதியில்தான் அதிகம் நேர்கிறது.

ஆகவே, சோதனையை அங்கேதான் செய்ய வேண்டும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், இன்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போது, கிளிப்பிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் விரல்களால் அழுத்திப் பாருங்கள். நடுப்பகுதியையும் அழுத்தி இரண்டையும் ஒப்பிடுங்கள். முனை மட்டும் கொழகொழவென்று அமுங்கினாலோ, உள்ளே பிளவு இருப்பதுபோல விரலுக்குத் தெரிந்தாலோ அந்த ஹோஸின் ஆயுள் முடிந்துவிட்டது. வேறு சில அறிகுறிகளும் உண்டு.

அழுத்தும்போது மொறமொறவென்று சத்தம் கேட்டால், ரப்பர் சூட்டில் இறுகிவிட்டது என்று பொருள்.

ஓர் இடத்தில் மட்டும் பலூன்போலப் புடைத்திருந்தால் உள்வலை அறுந்திருக்கிறது.

கிளிப்பைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் அங்கே கசிவு இருக்கிறது.

ஹோஸ் பிசுபிசுப்பாக, உப்பலாக இருந்தால் அதன்மேல் எண்ணெய் சொட்டுகிறது. இந்த வகை ரப்பருக்கு டீசலும் இன்ஜின் ஆயிலும் பகை. புது ஹோஸ் போட்டாலும், மேலே ஒழுகும் ஆயிலை நிறுத்தாவிட்டால் அதுவும் சீக்கிரமே உப்பிவிடும்.

டாடா ஏஸ் போன்ற வண்டிகளில் இன்ஜின் இருக்கைக்கு அடியில் இருப்பதால், இருக்கையைத் தூக்காமல் எதுவும் கண்ணில் படாது. மாதம் ஒரு முறையாவது தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கோளாறு எதுவும் தெரியாவிட்டாலும், நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை எல்லா ஹோஸ்களையும் மாற்றிவிடுவது உத்தமம்.

பொருள் வாங்கும்போது

சரக்கை எடைபோட்டு, தரம் பார்த்து வாங்கும் நாம், ஹோஸ் வாங்கும்போதும் அதே கண்ணோடு வாங்க வேண்டும். பழைய ஹோஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், அல்லது வண்டியின் மாடல், ஆண்டு, இன்ஜின் வகை ஆகியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். வளைவோடு அச்சில் வார்த்த ஹோஸுக்குப் பதிலாக நேரான குழாயை வளைத்து மாட்டினால், வளைவில் மடிந்து தண்ணீர் ஓட்டம் அடைபடும். உள்விட்டம் சற்றுப் பெரிதாக இருந்தால் கிளிப்பை இறுக்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்கக் கூடாது.

கீழ் ஹோஸில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. பம்ப் தண்ணீரை இழுப்பது அதன் வழியாகத்தான். ஆகவே, வேகம் கூடும்போது மெலிந்த ஹோஸ் உள்நோக்கிச் சப்பையாகிவிடும். அதைத் தடுப்பதற்காகச் சில வண்டிகளில் ஹோஸுக்குள் கம்பிச் சுருள் வைத்திருப்பார்கள். மாற்றும்போது அந்தச் சுருளைப் பழைய ஹோஸோடு குப்பையில் போட்டுவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பிறகு ஊருக்குள் நன்றாக ஓடும் வண்டி, நெடுஞ்சாலையில் மட்டும் சூடாகும். காரணம் தெரியாமல் ரேடியேட்டரையும் பம்பையும் மாற்றிச் செலவு செய்வார்கள். பழையதில் சுருள் இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும்.

மேல் ஹோஸ் வெடித்தால் அதை மட்டும் மாற்றுவது வழக்கம். இரண்டும் ஒரே நாளில் வண்டியில் ஏறியவை, ஒரே சூட்டைத் தின்றவை. ஒன்று போனால் மற்றது வரிசையில் நிற்கிறது என்று பொருள். இரண்டு ஹோஸ்கள், பைபாஸ் ஹோஸ், நான்கைந்து புதுக் கிளிப்புகள், ஒரு ரேடியேட்டர் மூடி ஆகியவற்றைச் சேர்த்து மாற்றுவதே சிக்கனம். கூலியும் கூலண்டும் ஒரே தடவையோடு போகும்.

பில் கேட்டு வாங்குங்கள். ஜி.எஸ்.டி.யில் வழக்கமான முறையில் பதிவு செய்திருக்கும் வணிகர்கள், தொழிலுக்குப் பயன்படும் சரக்கு வண்டியின் உதிரிப்பாகத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் செலுத்திய வரியை உள்ளீட்டு வரிப் பயனாக எடுத்துக்கொள்ளலாம். ஆட்களை ஏற்றும் காருக்கு உள்ள தடை சரக்கு வண்டிக்கு இல்லை. காம்பவுண்டிங் முறையில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. பில்லில் உங்கள் நிறுவனத்தின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

மாற்றும் முறை

கைப்பழக்கமுள்ள ஓட்டுநர் இதைக் கடை வாசலிலேயே செய்துவிடலாம். மெக்கானிக்கிடம் விட்டாலும், பின்வரும் வரிசை நடக்கிறதா என்று அருகில் நின்று கவனியுங்கள்.

1. இன்ஜின் முழுவதும் ஆற வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியானால் மிக நல்லது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால், உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் தண்ணீர் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் பீறிட்டு அடிக்கும். மூடியின்மேல் சாக்கைப் போட்டுத் திறப்பதும் பாதுகாப்பல்ல.

2. பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றிவிடுங்கள். மின்விசிறி உள்ள வண்டிகளில், சாவி அணைந்திருந்தாலும் விசிறி திடீரென்று சுற்றலாம். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வைத்துவிட்டுக் குனிய வேண்டும்.

3. கீழே அகலமான ஒரு பாத்திரம் வைத்து, வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை இறக்குங்கள். வடியும் தண்ணீர் துருநிறமாக இருந்தால், உள்ளே தெளிந்த நீர் வரும்வரை அலசிவிடுங்கள்.

4. கிளிப்பைத் தளர்த்திப் பின்னுக்குத் தள்ளுங்கள். ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் பலமாக முறுக்கி இழுக்கக் கூடாது. பழைய பித்தளை ரேடியேட்டரின் கழுத்து ஈயப் பற்றுவைப்பில் நிற்கிறது, பிளாஸ்டிக் தொட்டியின் கழுத்து சூட்டில் நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். இரண்டுமே உடையும். எப்படியும் தூக்கி எறியப்போகும் ஹோஸ்தான். கழுத்தில் கத்தி படாதபடி நீளவாக்கில் கீறி, தோலுரிப்பதுபோல உரித்து எடுங்கள்.

5. கழுத்தில் ஒட்டியுள்ள ரப்பர்த் துணுக்கு, உப்பு, துரு எல்லாவற்றையும் உப்புத்தாள் கொண்டு தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். பலர் விட்டுவிடும் வேலை இதுதான். புது ஹோஸ் போட்ட மறுநாளே கசிவதற்குக் காரணம், பெரும்பாலும் சுத்தம் செய்யாத கழுத்துதான்.

6. புதுக் கிளிப்புகளை முதலில் ஹோஸில் கோத்துக்கொள்ளுங்கள். முனையைத் தண்ணீரிலோ கூலண்டிலோ நனைத்து மாட்டினால் எளிதாக ஏறும். கிரீஸ், ஆயில் தடவவே கூடாது.

7. கழுத்தின் முனையில் சற்றே தடித்த விளிம்பு இருக்கும். கிளிப் அந்த விளிம்பைத் தாண்டி உட்புறம் உட்கார வேண்டும். விளிம்பின்மேல் உட்கார்ந்த கிளிப் அழுத்தத்தில் நழுவிவிடும். ரப்பர் பிதுங்கி வெளியே வரும் அளவுக்கு இறுக்கினால் கிளிப்பே ஹோஸை அறுத்துவிடும். விசிறி, பெல்ட், சைலன்சர் குழாய் ஆகியவற்றில் ஹோஸ் உரசவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. கூலண்டை மெதுவாக ஊற்றுங்கள். வேகமாக ஊற்றினால் உள்ளே காற்று அடைபடும். ஹீட்டர் இருந்தால் அதைத் திறந்துவையுங்கள். காற்றை வெளியேற்றும் திருகு உள்ள வண்டியானால் அதைத் தளர்த்தி, தண்ணீர் தொடர்ந்து வந்ததும் மூடுங்கள். பிறகு பேட்டரி வயரை மாட்டி, ரேடியேட்டர் மூடி திறந்தபடியே இன்ஜினை மெதுவாக ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடேறும்போது மட்டம் இறங்கும். மறுபடியும் நிரப்பி, பொங்கி வழியத் தொடங்கும் முன் மூடிவிடுங்கள்.

9. ஒரு நடை போய்வந்து, மறுநாள் காலை வண்டி ஆறியிருக்கும்போது மட்டத்தைப் பார்த்து, கிளிப்புகளை இன்னொரு முறை இறுக்குங்கள். புது ரப்பர் முதல் சூட்டில் சற்று அமுங்கும் என்பதால் இது அவசியம்.

தண்ணீரா, கூலண்டா?

‘நம் ஊரில் பனியா உறைகிறது, கூலண்ட் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. துருப் பிடிக்காமல் தடுப்பதும், கொதிநிலையைச் சற்று உயர்த்துவதும் நம் ஊருக்குத் தேவையான வேலைகள். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். பாத்திரத்தின் அடியில் படிவதுபோலவே அது ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படிந்து அடைக்கும். கலக்காத கூலண்டானால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டருடன் சரிபாதியாகக் கலந்து ஊற்றலாம். ‘கலந்து தயாராக உள்ளது’ என்று டப்பாவில் எழுதியிருந்தால் தண்ணீர் சேர்க்கக் கூடாது. நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்யாதீர்கள். ஒரு கம்பெனியின் பச்சையும் மற்றொன்றின் பச்சையும் வேறு வேறாக இருக்கலாம்.

மளிகைக் கடைக்காரர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் கடும் விஷம். ஆனால் அதன் சுவை இனிப்பு. நிறமோ சர்பத்தை ஒத்தது. மீதமான கூலண்டைக் குளிர்பான பாட்டிலிலோ எண்ணெய் டின்னிலோ ஊற்றிக் கடையில் வைத்தால், குழந்தையோ வேலையாளோ தெரியாமல் குடித்துவிட நேரும். அதற்குரிய டப்பாவிலேயே, பெயர் தெரியும்படி, உணவுப் பொருள் இருக்கும் இடத்துக்கு வெளியே பூட்டி வையுங்கள். வடித்த பழைய கூலண்டைத் தெருவில் ஊற்ற வேண்டாம். நாயும் மாடும் நக்கிக் குடித்தால் உயிர் போகும். ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள். வண்டியில் கூலண்ட் கேனை அரிசி, சீனி மூட்டைகளோடு சேர்த்து ஏற்றாமல், ஓட்டுநர் பக்கம் தனியாகக் கட்டிவையுங்கள்.

வழியில் வெடித்துவிட்டால்

சூட்டு முள் சிவப்பை நெருங்கினாலோ, முன்பக்கம் ஆவி வந்தாலோ, ஓட்டுநர் உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். தண்ணீர் முழுவதும் கொட்டிவிட்டால் முள் இறங்கியும் காட்டக்கூடும். அதை நம்பி ஓட்டக் கூடாது. குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால், ஹெட்டும் பிளாக்கும் விரிசல் விடும்.

வெடிப்பு முனையில் இருந்து, குழாய் சற்று நீளமாகவும் இருந்தால், கெட்ட பகுதியை அறுத்துவிட்டு மீண்டும் மாட்டலாம். நடுவில் என்றால், துடைத்துக் காயவைத்து, பழைய சைக்கிள் டியூப்பை இழுத்து இறுக்கிச் சுற்றிக் கட்டி, ரேடியேட்டர் மூடியை முழுவதும் இறுக்காமல் முதல் படியில் நிறுத்தலாம். அழுத்தம் ஏறாததால் கட்டு தாங்கும், ஆனால் தண்ணீரும் சீக்கிரம் கொதிக்கும். ஆகவே, மெதுவாக, அடிக்கடி நிறுத்தி, அடுத்த ஒர்க்‌ஷாப் வரை போவதற்கு மட்டுமே இது உதவும். நிறுத்தும்போதும் மூடியில் கை வைக்கலாகாது.

இதைவிட நல்ல வழி, ஒரு மேல் ஹோஸ், இரண்டு கிளிப், ஒரு ஃபேன் பெல்ட், ஒரு ஸ்குரூடிரைவர், ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர் ஆகியவற்றை வண்டியிலேயே வைத்திருப்பது.

புது ஹோஸ் போட்டும் அடிக்கடி வெடித்தால், ஹோஸைக் குறை சொல்லாதீர்கள். மூடி அழுத்தத்தை விடாமல் அடைத்திருக்கலாம், அல்லது ஹெட் கேஸ்கெட் வழியாக எரிவாயு தண்ணீருக்குள் நுழையலாம். ரேடியேட்டரில் ஓயாமல் குமிழி வருவதும், இன்ஜின் ஆயில் பால்போல் வெளுப்பதும், வெள்ளைப் புகை நிற்காமல் வருவதும் கேஸ்கெட்டின் அறிகுறிகள்.

முதலாளி சொல்ல வேண்டிய சொல்

கடைசியாக, இது கருவிகளைப் பற்றியதல்ல, நம்மைப் பற்றியது. ‘வண்டி சூடாகிறது’ என்று ஓட்டுநர் போனில் சொல்லும்போது, ‘சரக்கு காத்திருக்கிறது, தண்ணீர் ஊற்றிக்கொண்டு வா’ என்பதே நம்மில் பலரின் பதில். அந்த அவசரத்தில்தான் அவர் ஆறாத மூடியைத் திறக்கிறார். வெந்துபோகும் முகமும் கையும் நம் சொல்லுக்காக வெந்தவை. ‘முதலில் அணை, ஆறட்டும், அப்புறம் பேசலாம்’ என்று ஒரு முறை நாமே வாயைத் திறந்து சொல்லிவைத்தால், அவர் பயமில்லாமல் வண்டியை ஓரம் கட்டுவார். இன்ஜினும் பிழைக்கும், ஆளும் பிழைப்பார்.

கடையில் இருப்புப் பார்க்கும் பேரேட்டில் வண்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஹோஸ் மாற்றிய தேதி, கிலோமீட்டர், கூலண்ட் ஊற்றிய தேதி ஆகிய மூன்றையும் அதில் எழுதுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில், வண்டி ஆறியிருக்கும்போது, கால் மணி நேரம் செலவிட்டு ஹோஸை அழுத்திப் பாருங்கள். கூலண்ட் மட்டம் அடிக்கடி குறைந்தால், ஊற்றிக்கொண்டே இருக்காமல் எங்கே போகிறது என்று தேடுங்கள். பெட்டியில் காசு குறைந்தால் காரணம் தேடாமல் இருப்போமா?